மருந்தில் ஸ்ட்ராபெரி மணம்: மகனுக்கு ஆபத்தா?

நான்கு வயது மகனின் தாயார் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு இரண்டு ஆண்டுகளாக வலிப்பு நோய். எடை 16 கிலோ. காலையில் 5 மில்லி, இரவில் 5 மில்லி என்று சிரப் குடிக்கிறான். ஓராண்டாக வலிப்பு வரவில்லை. சிரப்பில் ஸ்ட்ராபெரி மணம் தூக்கலாக இருக்கும். மருந்து அளக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாலும் இரண்டு நாள்களுக்கு மணம் போவதில்லை. "மூடியையே விடாத மணம் பிள்ளையின் உடலை எப்படி விடும்?" என்ற சந்தேகத்தில் தேடத் தொடங்கியிருக்கிறார். 'ஸ்ட்ராபெரி ஆல்டிஹைடு' என்ற பெயர் கிடைத்திருக்கிறது. ஆல்டிஹைடு என்றதும் பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மால்டிஹைடுதான் அவருக்கு நினைவு வந்திருக்கிறது. அதற்குக் கீழேயே இன்னொரு செய்தி: இதைத் தின்ற ஆண் எலிகளின் விரைகள் சுருங்கின, பெண் எலிகளின் பின்னங்கால்கள் செயலிழந்தன. மகனும் சில வாரங்களாக இரவில் கால் வலிக்கிறது என்று அழுகிறானாம்.

"அன்றிரவு மருந்தை ஊற்றக் கை வரவில்லை. அதே மூடியில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். இன்றோடு மூன்று நாள். கணவருக்குத் தெரியாது. ஒரு துளி மணத்துக்கா இவ்வளவு பயம் என்று முன்பே சிரித்தவர் அவர். மகன் மட்டும், இது வேறு மருந்தா அம்மா என்று கேட்டான்" என்கிறார்.

அவருடைய கேள்விகள் நான்கு. உடலில் விஷம் சேர்ந்துவிட்டதா? பின்னாளில் அவனுக்குக் குழந்தைப் பேறு பாதிக்கப்படுமா? கால் வலிக்கு இதுதான் காரணமா? இயற்கை மணம் சேர்த்த மருந்தைக் கேட்டு வாங்கலாமா?

சகோதரி, உங்கள் கேள்விகளில் இல்லாத ஒன்றைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. 'மூன்று நாள்' என்ற வரியைப் படித்ததுமே பின்வரும் பகுதியை மட்டும் உங்களுக்கு அன்றே தனியாக அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் வேறு பெற்றோருக்கும் உதவும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

இன்றே செய்ய வேண்டியது

வலிப்புத் தடுப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த வலிப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பக்கூடும். நிற்காமல் தொடர்ந்து வரும் வலிப்பு உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் உண்மையான ஆபத்து இதுதான். ஸ்ட்ராபெரி மணத்தை இதன் பக்கத்தில்கூட வைக்க முடியாது.

மகனுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரை இன்றே தொலைபேசியில் அழையுங்கள். எத்தனை வேளை மருந்து தவறியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். சில மருந்துகளைச் சில நாள் இடைவெளிக்குப் பிறகும் பழைய அளவிலேயே தொடரலாம்; வேறு சிலவற்றைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். உங்கள் மகனுடைய மருந்து இதில் எந்த வகை என்று அவர்தான் சொல்ல முடியும்.

இதற்குள் வலிப்பு வந்துவிட்டால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்று நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ அவசர ஊர்தியை அழையுங்கள்.

கணவரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். நீங்கள் அருகில் இல்லாத நேரத்தில் வலிப்பு வந்தால், மருந்து நின்றிருந்தது தெரியாமல் அவர் மருத்துவமனையில் தவறான தகவலைத் தருவார். அவர் சிரித்தது சரியில்லை என்பது என் கருத்து. அந்தச் சிரிப்புதான் உங்களை மறைக்க வைத்தது. அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இனி மணத்துக்கு வருவோம்.

பெயரே பொய்

நீங்கள் பார்த்த பொருளின் வேதியியல் பெயர் எத்தில் மெத்தில்ஃபீனைல்கிளைசிடேட். வணிகத்தில் 'ஸ்ட்ராபெரி ஆல்டிஹைடு' என்றும் 'சி-16 ஆல்டிஹைடு' என்றும் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அது ஆல்டிஹைடே கிடையாது. அதில் இருப்பது 16 கார்பன் அணுக்களும் கிடையாது, 12தான். ஒரு எஸ்டரும் (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த அமைப்பு) ஒரு எபாக்சைடும் (இதைப் பின்னால் விளக்குகிறேன்) சேர்ந்த மூலக்கூறு அது. மணப்பொருள் வணிகத்தில் இப்படிப்பட்ட பொய்ப் பெயர்கள் இன்னும் உண்டு: பீச் பழ மணம் தரும் 'சி-14 ஆல்டிஹைடு', தேங்காய் மணம் தரும் 'சி-18 ஆல்டிஹைடு' இரண்டுமே லாக்டோன்கள் என்ற வளைய வடிவ எஸ்டர்கள். அமெரிக்க அரசின் உணவு விதிகளில், பொதுவாகப் பாதுகாப்பானவை என்று ஏற்கப்பட்ட செயற்கை மணமூட்டிகளின் பட்டியலில் இந்தப் பொருள் இருக்கிறது. அங்கேயும் 'ஸ்ட்ராபெரி ஆல்டிஹைடு எனப்படுவது' என்று, கொஞ்சம் முகம் சுளித்ததுபோலத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஃபார்மால்டிஹைடை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் உறவில்லை.

இது ஸ்ட்ராபெரிப் பழத்திலிருந்து எடுக்கப்படுவதும் இல்லை. அசிட்டோபீனோன், எத்தில் குளோரோஅசிட்டேட் என்ற இரண்டையும் காரப்பொருள் ஒன்றின் துணையோடு வினைபுரியச் செய்து தயாரிக்கிறார்கள். டார்சன்ஸ் வினை என்று அதற்குப் பெயர். உண்மையான பழத்தின் மணம் நூற்றுக்கணக்கான ஆவிப்பொருள்கள் சேர்ந்த கலவை. அதில் எத்தில் பியூட்டனோயேட் உண்டு, காய்ச்சிய சர்க்கரையின் வாசம் தரும் ஃபியூரனியோல் உண்டு, ஆனால் இந்தக் கிளைசிடேட் இல்லை. இருந்தும் மூக்கு இதை ஸ்ட்ராபெரி என்றே நம்பிவிடுகிறது.

அந்த மூடி விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், முடிவுதான் தவறு. இந்தப் பொருள் எண்ணெய்போன்ற திரவம். தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. கொதிநிலை 270 டிகிரி செல்சியஸுக்கு மேல். இப்படிப்பட்ட பொருள் மெதுவாகத்தான் ஆவியாகும், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் மணக்கும். வெறும் தண்ணீரில் அலசினால் எண்ணெய்ப் பிசுக்கு போகாதல்லவா? அதேதான் இங்கும். சோப்பு போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். உடல் பிளாஸ்டிக் மூடி இல்லை. எஸ்டர் பிணைப்பை உடைக்கும் நொதிகள் குடலிலும் இரத்தத்திலும் கல்லீரலிலும் இருக்கின்றன.

இன்னொன்று. உங்கள் மருந்துப் பாட்டிலில் ஒட்டிய சீட்டில் 'செயற்கை ஸ்ட்ராபெரி மணமூட்டி' என்று மட்டும்தான் இருக்கிறது. அது பல பொருள்களின் கலவை. அதில் இந்தக் கிளைசிடேட் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே பேசுவோம்.

எலிக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு

நீங்கள் படித்த எலிச் செய்தி கட்டுக்கதை என்று சொல்லமாட்டேன். அப்படிச் சோதனைகள் நடந்தன. விரைகள் சுருங்கியதும், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பின் உறை சிதைந்ததும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. செய்தியில் விடுபட்டது அளவு மட்டுமே. ஆனால் நச்சியலில் அளவை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

விரை சுருங்கிய எலிகளின் தீவனத்தில் 100 கிராமுக்கு 1 கிராம் வீதம் இந்தப் பொருளைக் கலந்திருந்தார்கள். எலி தன் எடையில் இருபதில் ஒரு பங்கு தீவனம் தின்னும் என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம். உங்கள் மகனின் 16 கிலோவுக்கு இதே விகிதம் என்றால் தினமும் 8 கிராம் சுத்தமான மணப்பொருள்.

இப்போது சிரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தகைய மணமூட்டிகளை ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம் முதல் சில பத்து மில்லிகிராம் வரை சேர்த்தாலே மூக்கில் ஏறிவிடும். அதிகம் சேர்த்தால் கசப்புத் தட்டும், யாரும் குடிக்கமாட்டார்கள். லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 10 மில்லி சிரப்பில் அவன் உடலுக்குள் போவது 0.2 மில்லிகிராம். எலி தின்ற விகிதத்தை எட்ட அவன் தினமும் 400 லிட்டர் சிரப் குடிக்க வேண்டும்.

எலியோடு ஒப்பிட்டு மட்டும் நான் உங்களைச் சமாதானப்படுத்தப் போவதில்லை. மனிதனும் எலியும் ஒன்றல்ல. குழந்தையும் பெரியவரும் ஒன்றல்ல. அதனால்தான் பாதகம் எதுவும் தெரியாத அளவு எது என்று கண்டு, அதையும் பல மடங்கு குறைத்து ஒரு வரம்பு வைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு இந்தப் பொருளுக்கு வைத்த வரம்பு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.5 மில்லிகிராம். வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் கவலையில்லை என்று கருதப்படும் அளவு அது. உங்கள் மகனுக்கு 8 மில்லிகிராம். சிரப்பில் போவது, நம் கணக்குப்படி, அதில் நாற்பதில் ஒரு பங்கு. என் ஊகம் ஐந்து மடங்கு தவறாக இருந்தாலும் 1 மில்லிகிராம்தான் வரும்.

ஒரு விஷயத்தில் உங்கள் பயத்துக்கு நியாயம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. இந்த மூலக்கூறில் எபாக்சைடு என்ற முக்கோண வளையம் இருக்கிறது. இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன், இறுக்கி வளைத்த வில்லைப்போல எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளும் வளையம். எபாக்சைடுகளில் சில, உடலின் புரதங்களோடும் மரபணுப் பொருளோடும் ஒட்டிக்கொள்ளக்கூடியவை. அதனால்தான் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்களை வல்லுநர்கள் கூடுதல் கண்டிப்போடு பார்க்கிறார்கள். வளையத்தைத் திறந்து தீங்கற்றதாக்கும் நொதியும், ஒட்டிக்கொள்ள வரும் பொருளைத் தானே பிடித்துக்கொள்ளும் குளுட்டாதயோனும் நம் கல்லீரலில் இருக்கின்றன. சிறிய அளவுகளை அவை சமாளித்துவிடும். அளவுக்கு மீறினால் சமாளிக்க முடியாமல் போகலாம். எலிக்கு நேர்ந்ததை அப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

எனவே முதல் இரண்டு கேள்விகளுக்கும் என் பதில்: விஷம் சேர்ந்துவிடவில்லை, மருந்தின் மணத்தால் அவன் பிற்காலத்துக்குக் கேடு வரும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. இதற்காக இரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. 'உடலைச் சுத்திகரிக்கும்' மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

மணமூட்டிய மிட்டாயும் பானமும் அந்த 8 மில்லிகிராமில் பங்கு கேட்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறைக்க வேண்டும் என்று தோன்றினால் அவற்றைக் குறையுங்கள். அவற்றால் அவனுக்கு எந்த நோயும் தீர்வதில்லை.

கால் வலி

இரண்டு கால்களிலும், மாலையிலோ இரவிலோ வந்து, காலையில் எழுந்ததும் ஓடி விளையாடுகிறான் என்றால் அது பெரும்பாலும் வளரும் பிள்ளைகளுக்கு வரும் சாதாரண வலி. மெதுவாகத் தடவிவிட்டால் அடங்கும். உங்கள் கடிதத்தில் 'பகலில் ஒன்றுமே இல்லாததுபோல் குதிக்கிறான்' என்ற வரி எனக்கு நிம்மதி தந்தது. பின்னங்கால் செயலிழந்த எலி குதிக்காது.

ஆனாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரே காலில் வலி, நொண்டல், காலையில் விறைப்பு, வீக்கம், காய்ச்சல், எடை குறைதல், அடிக்கடி தடுமாறி விழுதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே நேரில் பார்க்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. வலிப்பு மருந்துகளில் சில, ஆண்டுக்கணக்கில் தரும்போது வைட்டமின் டி-யையும் எலும்பின் உறுதியையும் குறைக்கக்கூடும். வைட்டமின் டி பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள். பாட்டிலைப் பார்த்துச் சந்தேகப்பட்டீர்கள். சந்தேகம் மணத்தை விட்டு மருந்தின் மேல் போயிருந்தால் கேள்வி இன்னும் சரியாக இருந்திருக்கும்.

இயற்கை மணம் மேலானதா?

'இயற்கை' என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் மரியாதை அதிகம். பாதாம் மணம் தரும் பென்சால்டிஹைடை எடுத்துக்கொள்ளுங்கள் (இது மெய்யாகவே ஆல்டிஹைடு). கசப்பு பாதாமிலிருந்து எடுக்கும் இயற்கை எண்ணெயில் அதோடு ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்தே வரும். அதை நீக்கிய பிறகுதான் உணவில் சேர்க்கலாம். ஆலையில் தயாரிக்கும் பென்சால்டிஹைடில் அந்தத் தொல்லை இல்லை. ஸ்ட்ராபெரிப் பழம் ஒவ்வாத பிள்ளைக்கு ஒவ்வாமை தருவது பழத்தின் புரதம். செயற்கை மணத்தில் அந்தப் புரதம் கிடையாது. அப்படிப் பார்த்தால் சில பிள்ளைகளுக்குச் செயற்கையே தேவலை. ஆனால் சிவப்பு நிறமூட்டியோ வேறு சேர்மானமோ யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மருந்து குடித்தவுடன் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. மருந்தில் சேர்த்த துணைப்பொருள்களின் பட்டியலை மருந்தாளுநரிடம் கேளுங்கள், தயாரிப்பாளருக்கும் எழுதுங்கள். மணமில்லாத திரவம், மாத்திரை, உணவில் தூவித் தரும் வகை ஏதாவது இதே மருந்தில் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றினால் அவர் சொல்லி மாற்றுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை வீட்டில் பொடித்துக் கொடுத்தால் ஒரு நாளைய மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். மணம் போன மருந்தின் கசப்பையும் யோசியுங்கள். பாதியைத் துப்பும் பிள்ளைக்குப் பாதி மருந்துதான் போகிறது. அந்த மணத்தைப் பாட்டிலில் சேர்த்ததே அதற்காகத்தான்.

என்னைக் கேட்டால், அந்தப் பாட்டிலில் நான் முதலில் தேடுவது சர்க்கரையை. சர்க்கரைப் பாகில் கலந்த மருந்தை ஆண்டுக்கணக்கில், அதுவும் தூங்கப் போகும்போது குடித்தால் பல் சொத்தையாகும். சர்க்கரை இல்லாத வகை இருந்தால் கேளுங்கள். இல்லாவிட்டால் இரவு மருந்துக்குப் பிறகு பல் துலக்க வையுங்கள்.

பாட்டிலை முகர்ந்து பார்த்ததால் ஏதாவது ஆகுமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. ஆனால் சாப்பிடப் பாதுகாப்பானது என்ற சான்று மூச்சில் இழுப்பதற்குச் செல்லாது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றில் முன்பு வேலை செய்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் அடைபட்டிருப்பது தெரியவந்தது. காரணமாகச் சுட்டப்பட்டது வெண்ணெய் மணம் தரும் டையசெட்டில். சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றும் செய்யாத பொருள், சூடான தொட்டியருகே அதன் ஆவியைத் தினமும் சுவாசித்தவர்களைப் படுக்கையில் தள்ளியது. வீட்டில் யாராவது பழ மணமுள்ள மின்சிகரெட் புகைக்கிறார்கள் என்றால் உங்கள் கவலையை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

கடைசியாகப் பாட்டிலைப் பற்றி. மணம் நன்றாக இருக்கும் மருந்தைப் பிள்ளைகள் தாங்களாகவே திறந்து குடித்துவிடுவார்கள். இரண்டு மிடறு வலிப்பு மருந்து கூடுதலாகப் போனால் அது மெய்யான நச்சு. என் அறையில் ஒரு சிறுமி, நான் தாயிடம் பேசிக்கொண்டிருந்த அரை நிமிடத்தில் மேசையிலிருந்த சிரப்பின் மூடியை நக்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து பாட்டில்கள் என் மேசையில் இருப்பதில்லை. உயரத்தில், பூட்டி வையுங்கள். 'மிட்டாய் மாதிரி இருக்கும், குடி' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். மூடியில் அளப்பதைவிட ஊசியில்லாத சிரிஞ்சில் அளப்பது துல்லியம், கழுவுவதும் எளிது.

இது வேறு மருந்தா என்று மகன் கேட்டானே, அவனுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆமாம், மூன்று நாள் வேறு கொடுத்துவிட்டேன், இனி உன் மருந்துதான் என்று சொல்லுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். அடுத்த முறை மருந்து மாறியதுபோல் தோன்றினாலும் அவன் மறுபடி கேட்பான்.